அறுவை சிகிச்சை இல்லை என்றான பிறகு ஸ்டென்ட் எதற்கு?

கேள்வி: என் அப்பாவுக்கு 68 வயது. ஒரு மாதமாகக் கண்ணும் உடம்பும் மஞ்சளாக இருக்கின்றன. சிறுநீர் கறுத்துப் போகிறது, மலம் வெளுத்துவிட்டது. கணையத்தின் தலைப்பகுதியில் புற்றுநோய்க் கட்டி என்று ஸ்கேனில் தெரிந்தது. ஊசி மூலம் சதை எடுத்துப் பரிசோதித்தும் உறுதி செய்துவிட்டார்கள். பக்கத்திலுள்ள பெரிய இரத்தக் குழாயைக் கட்டி சுற்றிக்கொண்டிருப்பதால் அறுவை சிகிச்சை செய்ய முடியாதாம். இரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி 17. பித்தநாளத்தில் ஸ்டென்ட் என்ற சின்னக் குழாயை வைத்து அடைப்பைத் திறக்கலாம் என்கிறார் டாக்டர். “கட்டியையே எடுக்க முடியாது என்ற பிறகு இன்னொரு குழாயை உள்ளே விட்டு அவரை ஏன் படுத்த வேண்டும்?” என்கிறார் அண்ணன். அப்பா எழுந்து நடமாடுகிறார், ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது, இரவெல்லாம் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஸ்டென்ட் வைத்தால் ஆயுள் கூடுமா? பிளாஸ்டிக் நல்லதா, உலோகம் நல்லதா? மஞ்சள் போய்விட்டால் நோயே போய்விட்டது என்று அப்பா நினைத்துக்கொள்வாரோ என்றும் பயமாக இருக்கிறது.

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அப்பா இரவெல்லாம் சொறிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் அண்ணனுக்கான பதில் அந்த வரியில்தான் இருக்கிறது. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பித்தநாளம் அடைபட்டு வரும் அரிப்புக்குத் தோல் காரணம் இல்லை. வெளியேற வழியின்றி இரத்தத்தில் தேங்கும் பொருள்கள் நரம்புகளைத் தூண்டுவதால் வருவது அது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் அதிகமாக இருக்கும், இரவில் கூடும், எவ்வளவு சொறிந்தாலும் அடங்காது. அலர்ஜிக்குக் கொடுக்கும் மாத்திரை தூக்கக் கலக்கத்தைத் தருமே தவிர அரிப்பைப் பெரிதாகக் குறைக்காது. இந்த அரிப்புக்கென்றே கொடுக்கப்படும் கொலஸ்டிரமின் தூள், குடலுக்கு வந்து சேரும் பித்த உப்பைப் பிடித்து மலத்தோடு வெளியேற்றும் மருந்து. குடலுக்குப் பித்தமே வராதபோது அதற்கு வேலை இல்லை. ரிஃபாம்பிசின், செர்ட்ரலின் போன்ற மாத்திரைகள் சிலருக்கு ஓரளவு உதவும். ஆனால் அடைப்பைத் திறந்துவிட்டால், பெரும்பாலோருக்குச் சில நாட்களிலேயே அரிப்பு தணியத் தொடங்கும். கண்ணில் மஞ்சள் அப்படியே இருக்கும்போதே இது நடக்கும். வாரக்கணக்கில் தூங்காத மனிதர் தூங்குகிறார் என்பது மருத்துவத்தில் சின்ன விஷயம் இல்லை. வேறு எந்தப் பலனும் கிடைக்காது என்றாலும், இது ஒன்றுக்காகவே உங்கள் அப்பாவுக்கு ஸ்டென்ட் வைக்கச் சொல்வேன்.

வேறு பலன்களும் உண்டு. கல்லீரல் தினமும் அரை லிட்டருக்கு மேல் பித்தம் சுரக்கிறது. அது பித்தநாளம் வழியாக இறங்கி முன்சிறுகுடலில் விழுகிறது. அந்த நாளத்தின் கடைசிப் பகுதி கணையத்தின் தலையை ஊடுருவிக்கொண்டுதான் வருகிறது. அதனால் அந்த இடத்தில் முளைக்கும் கட்டி சிறியதாக இருந்தாலும் நாளத்தை நெரித்துவிடும். சாதாரணமாக 1-ஐ ஒட்டி இருக்க வேண்டிய பிலிருபின் அப்பாவுக்கு 17-இல் நிற்பது இப்படித்தான். அந்த நிறமி குடலுக்குப் போகாததால் மலம் வெளுக்கிறது. சிறுநீரகம் வழியே வெளியேறுவதால் சிறுநீர் கறுக்கிறது. பித்தம் இல்லாமல் கொழுப்பு செரிக்காது. கொழுப்போடு சேர்ந்து உடம்பில் ஏறும் வைட்டமின் கே-யும் ஏறாது, அது குறைந்தால் இரத்தம் உறைய நேரமாகும். வாய்க்கு எதுவும் பிடிக்காமல் போவதிலும் இந்தத் தேக்கத்துக்குப் பங்கு உண்டு. தேங்கிய பித்தத்தில் கிருமி சேர்ந்தால் ஓரிரு நாளில் உயிருக்கே ஆபத்தாக முடியலாம். எந்த மருந்தும், எந்தப் பத்தியமும் இந்த அடைப்பைக் கரைக்காது. இது வெளியிலிருந்து நெரிபட்ட குழாய், அதைத் திறந்துதான் ஆக வேண்டும்.

சரி, ஆயுள் கூடுமா? ஸ்டென்ட் கட்டியைத் தொடுவதில்லை. கட்டி சுருங்காது, அதன் வளர்ச்சியும் நிற்காது. ஆனால் கட்டியால் உயிர் போவதற்கு முன்பே, அடைப்பினால் வரும் கிருமித் தொற்றாலும் கல்லீரல் செயலிழப்பாலும் உயிர் போகிற நிலை உண்டு. அந்த ஆபத்தை ஸ்டென்ட் விலக்குகிறது. கூடவே கீமோவுக்கு வழி திறக்கிறது. கணையப் புற்றுக்குக் கொடுக்கும் ஐரினோடிகான் போன்ற மருந்துகள் பித்தம் வழியாகத்தான் வெளியேறுகின்றன. பிலிருபின் 17-இல் இருக்கும்போது அவற்றை ஏற்றினால் நச்சாகிவிடும், எந்தப் புற்றுநோய் மருத்துவரும் தொடங்க மாட்டார். அப்பா எழுந்து நடமாடுகிறார் என்கிறீர்கள், அது நல்ல அறிகுறி. பிலிருபின் இறங்கிய பிறகு கீமோ தாங்குவாரா என்று கேட்க இடமிருக்கிறது. நோய் வேறு எங்கும் பரவாமல் இரத்தக் குழாயைச் சுற்றி மட்டுமே இருந்தால், சில மாதக் கீமோவுக்குப் பிறகு அறுவை சிகிச்சையைப் பற்றி மறுபடியும் யோசிக்கும் நிலை ஒரு சிலருக்கு வருகிறது. நம்பிக்கையைப் பெரிதாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. புற்றுநோய் மருத்துவரிடம் கேட்காமல் விட்டுவிட வேண்டாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

உங்கள் அண்ணன் சொல்வது சரியாக இருக்கும் சூழ்நிலைகளும் இருக்கின்றன, அதை மறைக்க மாட்டேன். கல்லீரல் முழுக்கக் கட்டிகள் பரவி, அதனால் மஞ்சள் வந்திருந்தால் ஸ்டென்ட் வைத்துப் பயனில்லை. ஸ்கேனில் பித்தநாளம் விரிந்திருக்காது, திறப்பதற்கு அடைப்பே இருக்காது. நோயாளி படுத்த படுக்கையாகி, பெரும்பாலும் தூக்கத்திலேயே இருக்கும் கடைசி நாட்கள் என்றாலும் வேண்டாம். அப்போது அரிப்புக்கும் வலிக்கும் மருந்து கொடுத்து, உடம்பைக் குளிர்ச்சியாக வைத்து, பக்கத்தில் இருந்தால் போதும். உங்கள் அப்பா இப்போது அந்த இரண்டு நிலையிலும் இல்லை.

“இன்னொரு குழாயை உள்ளே விட்டு” என்று அண்ணன் சொல்வதைப் பார்த்தால், வயிற்றுக்கு வெளியே குழாய் தொங்கும் என்று நினைக்கிறாரோ என்று தோன்றுகிறது. இ.ஆர்.சி.பி. என்ற முறையில் வெளியே எதுவும் தெரியாது. ஆறு முதல் எட்டு மணி நேரம் எதுவும் சாப்பிடாமல் வரச் சொல்வார்கள். மயக்க மருந்து கொடுத்து, பெரும்பாலும் குப்புறப் படுக்கவைத்து, வாய் வழியாக எண்டோஸ்கோப் என்ற வளையும் குழாய்க் கருவியை முன்சிறுகுடல் வரை கொண்டுபோவார்கள். இந்தக் கருவியின் கண் முனையில் இல்லாமல் பக்கவாட்டில் இருக்கும். பித்தநாளம் திறக்கும் வாய் குடலின் பக்கச் சுவரில் சின்ன மொட்டு போல இருப்பதுதான் காரணம். அந்தத் துளைக்குள் மெல்லிய கம்பியை நுழைத்து, சாயம் செலுத்தி, எக்ஸ்ரே திரையில் பார்க்கும்போது அடைப்பு துல்லியமாகத் தெரியும்: மேலே அகன்று வீங்கிய நாளம், நடுவில் நூல் போல ஒரு கோடு, கீழே குடல். அந்தக் கோட்டின் வழியாகக் கம்பியை மேலே ஏற்றி, கம்பியின் மீதே ஸ்டென்ட்டைச் செலுத்தி விடுவிப்பார்கள். அது சரியாக அமர்ந்த உடனேயே தேங்கிக் கிடந்த கறுத்த பித்தம் குடலுக்குள் கொட்டுவதைத் திரையில் காணலாம். அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது, நினைவிலும் இருக்காது.

1979-இல் ஜெர்மனியின் ஹாம்பர்கில் நிப் சோஹென்ட்ரா என்ற மருத்துவர், எண்டோஸ்கோப் வழியாக ஸ்டென்ட் வைக்கும் இந்த முறையை வெளியிட்டார். அதற்கு முன்பு, இப்படி அடைபட்டவர்களுக்கு வயிற்றைத் திறந்து பித்தநாளத்தைக் குடலோடு இணைக்க வேண்டும், இல்லையென்றால் விலா இடுக்கு வழியாகக் கல்லீரலுக்குள் குழாய் வைக்க வேண்டும். நோயால் தளர்ந்திருக்கும் ஒருவருக்கு அந்த அறுவை எவ்வளவு பெரிய சுமை என்று நினைத்துப் பாருங்கள்.

ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். முக்கியமானது கணைய அழற்சி, நூற்றில் ஐந்து பேர் அளவில் வரும், சில சூழ்நிலைகளில் அதைவிடக் கூடும். பெரும்பாலும் சில நாள் மருத்துவமனையில் இருந்தால் சரியாகிவிடும், அரிதாகக் கடுமையாகும். அதைக் குறைக்கத்தான் டைக்ளோஃபினாக் அல்லது இண்டோமெத்தசின் மருந்தை ஆசனவாய் வழியாக வைப்பார்கள். இரத்தக் கசிவு, குடலில் துளை, கிருமித் தொற்று ஆகியவையும் சாத்தியம், ஆனால் குறைவு. வைட்டமின் கே ஊசி போட்டு இரத்தம் உறையும் நேரத்தைச் சரிசெய்த பிறகே செய்வார்கள்.

இனி பிளாஸ்டிக்கா, உலோகமா என்பது. அளவைச் சொன்னால் பாதி புரிந்துவிடும். வழக்கமாக வைக்கும் பிளாஸ்டிக் ஸ்டென்ட் 3 மில்லிமீட்டருக்குச் சற்று மேல் குறுக்களவு கொண்ட குழாய். நிட்டினால் என்ற உலோகக் கலவையில் பின்னிய ஸ்டென்ட், மடக்கிய குடை மாதிரி ஒல்லியாக உள்ளே போய், விடுவித்ததும் 10 மில்லிமீட்டர் வரை தானாக விரியும். உடல் சூட்டில் தன் வடிவத்துக்குத் திரும்பும் குணம் அந்த உலோகத்துக்கு உண்டு. முழுவதும் விரிய ஓரிரு நாள் ஆகலாம். குறுகலான பிளாஸ்டிக் குழாயின் உட்சுவரில் கிருமிகள் படலம் கட்டி, அதன் மேல் பித்தக் கசடு படிந்து, ஏறக்குறைய 3 மாதத்தில் அடைத்துவிடும். அதனால் அடைக்கும் வரை காத்திருக்காமல் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அகலமான உலோக ஸ்டென்ட் பல மாதங்கள் திறந்திருக்கும், பலருக்கு அதற்குப் பிறகு வேறு எதுவும் தேவைப்படுவதே இல்லை.

உங்கள் அப்பாவுக்கு உலோகம்தான் என் தேர்வு. நோய் உறுதியாகிவிட்டது, அடைப்பு நாளத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கிறது, நடமாடுகிறார், கீமோவுக்கும் வாய்ப்பிருக்கிறது. கீமோ நடுவில் இருக்கும்போது பிளாஸ்டிக் அடைத்துக் காய்ச்சல் வந்தால் எல்லாம் நின்றுபோகும். உலோகம் விலை கூடுதல் என்று தயங்குபவர்களிடம் நான் சொல்வது, மறுபடி மறுபடி மருத்துவமனைக்குப் போய் மாற்றும் செலவையும் அலைச்சலையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள் என்பதே. பிளாஸ்டிக் பொருந்தும் இடங்களும் இருக்கின்றன. நோய் இன்னதென்று சதைப் பரிசோதனையில் உறுதியாகாதபோது மேலுறை இல்லாத உலோக ஸ்டென்ட்டை வைக்கக் கூடாது, ஏனென்றால் அதைத் திரும்ப எடுப்பது மிகவும் கடினம். மிகக் குறுகிய காலமே எதிர்பார்க்கப்படும்போதும் பிளாஸ்டிக் போதும். உலோகத்திலேயே மேலுறை போட்டது, போடாதது என்று இரண்டு வகை உண்டு. போடாததில் கண்ணிகளுக்கு நடுவே கட்டி வளர்ந்து அடைக்கலாம். போட்டது இடம் நகர்ந்துவிடலாம், ஆனால் தேவைப்பட்டால் எடுத்துவிடலாம். எது என்பதைச் செய்யும் மருத்துவர் படத்தைப் பார்த்து முடிவு செய்யட்டும், அதில் குடும்பம் தலையைக் குழப்பிக்கொள்ள வேண்டியதில்லை. உலோக ஸ்டென்ட் அடைத்துப்போனாலும் கைவிடும்படி ஆகாது. அதற்குள்ளேயே இன்னொன்றை வைத்துத் திறக்கலாம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒன்று. அடைப்பு கீழே இல்லாமல், கல்லீரலை விட்டு வெளியேறும் இடத்தில் நாளங்கள் கிளை பிரிகிற முனையில் இருந்தால் கதை வேறு. பித்தநாளப் புற்றிலும் பித்தப்பைப் புற்றிலும் இப்படி வருவதுண்டு. அங்கே முதலில் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, எந்தக் கிளையை வடித்தால் கல்லீரலில் பாதிக்கு மேல் வடியும் என்று திட்டமிட வேண்டும். திட்டமில்லாமல் சாயத்தை ஏற்றிவிட்டால், வடிக்காமல் விட்ட கிளையில் தொற்று பிடித்துக்கொள்ளும். சில நேரம் இரண்டு ஸ்டென்ட் தேவைப்படும், சில நேரம் தோல் வழியாகக் கல்லீரலுக்குள் குழாய் வைத்து வெளியே பையில் வடிப்பதே பாதுகாப்பு. முன்சிறுகுடலையே கட்டி அடைத்து எண்டோஸ்கோப் போக வழியில்லாதபோது, முனையில் அல்ட்ராசவுண்ட் உள்ள எண்டோஸ்கோப் (அகஒலி எண்டோஸ்கோப்பி) மூலம் இரைப்பையிலிருந்தோ குடலிலிருந்தோ நேராகப் பித்தநாளத்துக்குள் ஸ்டென்ட் வைக்கும் முறையும் இப்போது வந்துவிட்டது. இவற்றை அதிகம் செய்து பழகிய மையத்துக்குப் போவது நல்லது.

ஸ்டென்ட் வைத்த பிறகு என்ன எதிர்பார்க்கலாம்? முதலில் மாறுவது சிறுநீர், இரண்டு மூன்று நாளில் நிறம் தெளியும். மலம் பழைய நிறத்துக்கு வரும். அப்புறம் அரிப்பு. கண்ணின் மஞ்சள்தான் கடைசி. நீண்ட நாள் அடைப்பில் பிலிருபினின் ஒரு பகுதி இரத்தத்திலுள்ள ஆல்புமின் என்ற புரதத்தோடு ஒட்டிக்கொள்ளும், அந்தப் புரதம் கழியும் வரை மஞ்சள் நிற்கும். முழுக்கத் தெளிய 4 முதல் 6 வாரம் கூட ஆகலாம், அதைப் பார்த்து ஸ்டென்ட் வேலை செய்யவில்லை என்று பயப்பட வேண்டாம். இரத்தப் பரிசோதனையில் எண் தொடர்ந்து இறங்குகிறதா என்று பாருங்கள். முதல் வாரத்திலேயே இறங்குமுகம் தெரிய வேண்டும். இறங்கவில்லை என்றால் ஸ்டென்ட்டின் இடத்தைச் சரிபார்க்க வேண்டும்.

இந்தக் கடிதத்தில் ஒரே ஒரு பத்தியை எழுதி வீட்டில் எல்லோரும் பார்க்கும் இடத்தில் ஒட்டச் சொன்னால், அடுத்ததைத்தான் சொல்வேன். ஸ்டென்ட் வைத்தவருக்குக் குளிர் நடுக்கத்தோடு காய்ச்சல் வந்தால், 38 டிகிரி செல்சியஸைத் தொட்டால், அது பகலோ இரவோ, அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் கொடுத்து விடியும் வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அடைபட்ட ஸ்டென்ட்டுக்குப் பின்னால் அழுத்தத்தோடு நிற்கும் தொற்றுள்ள பித்தம், நேராக இரத்தத்தில் கலக்கும். வயதானவர்களுக்குக் காய்ச்சல் அதிகம் இல்லாமல் திடீர்க் குழப்பமும் சோர்வும் மட்டுமே இருக்கலாம். ஆன்ட்டிபயாடிக் ஊசி உடனே தேவை, ஆனால் அது மட்டும் போதாது, அடைப்பை மறுபடி திறந்தால்தான் தொற்று அடங்கும். கீமோ நடக்கும்போது வெள்ளையணுக்களும் குறைந்திருக்கும் என்பதால் அவசரம் இரட்டிப்பு. மறுபடி சிறுநீர் கறுப்பது, அரிப்பு திரும்புவது, கடும் வயிற்று வலி, கறுத்த தார் போன்ற மலம், சாப்பிட்டதெல்லாம் வாந்தியாவது ஆகியவையும் காட்ட வேண்டிய அறிகுறிகள். கடைசியாகச் சொன்ன வாந்தி, முன்சிறுகுடலைக் கட்டி அடைப்பதால் வரலாம். அதற்கும் தனியாக ஸ்டென்ட் வைக்க வழி உண்டு. எந்த ஸ்டென்ட், எந்தத் தேதியில் வைத்தது என்ற சீட்டைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் வேறு ஒரு மருத்துவர் பார்க்க நேர்ந்தால் அவருக்கு அந்த ஒரு தாள் பெரிய உதவி.

சாப்பாட்டில் ஸ்டென்ட்டுக்கென்று பத்தியம் எதுவும் இல்லை. கொழுப்பை அடியோடு நிறுத்தினால் இன்னும் மெலிந்துதான் போவார். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி கொடுங்கள். பித்தம் இறங்கிய பிறகும் மலம் எண்ணெய் மிதப்பாய், நாற்றத்தோடு போனால் கணைய நாளமும் அடைபட்டிருக்கிறது என்று பொருள். கணைய நொதி மாத்திரையைச் சாப்பாட்டின் முதல் கவளத்தோடு கொடுத்தால் சாப்பிடுவது உடம்பில் ஒட்டும். வலிக்கும் இந்த ஸ்டென்ட்டுக்கும் சம்பந்தம் குறைவு. முதுகுக்குப் பாயும் வலி இருந்தால் வலித்தணிப்பு மருத்துவரை இப்போதே பார்த்துவிடுங்கள். கடைசிக் கட்டத்துக்கு என்று அவர்களைத் தள்ளிவைக்கும் பழக்கத்தை நான் ஏற்பதில்லை. மார்ஃபினும், வலி நரம்பை மரக்கச் செய்யும் ஊசியும் இந்த நோயில் நன்றாக வேலை செய்கின்றன.

அப்பா தவறாக நினைத்துக்கொள்வாரோ என்ற உங்கள் பயம் நியாயமானது. மஞ்சள் போய், பசி வந்து, முகம் தெளிந்ததும் குணமாகிவிட்டது என்றுதான் யாருக்கும் தோன்றும். பிறகு சில மாதத்தில் உடம்பு மறுபடி தளரும்போது, சொன்னதெல்லாம் பொய் என்று அவர் உடைந்துபோவார். அதனால் ஸ்டென்ட் வைப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள். நீளமாக வேண்டாம். “அப்பா, கட்டி குழாயை அடைத்ததால்தான் மஞ்சளும் அரிப்பும். குழாயைத் திறக்கப் போகிறார்கள். அரிப்பு அடங்கும், சாப்பிட முடியும். கட்டி அங்கேயேதான் இருக்கும், அதற்கு என்ன செய்யலாம் என்று அப்புறம் டாக்டரிடம் பேசலாம்.” இவ்வளவு போதும். அவர் மேலே கேட்டால் மட்டும் மேலே சொல்லுங்கள். சொல்ல உங்களுக்கு வாய் வரவில்லை என்றால், டாக்டரை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது சொல்லச் சொல்லுங்கள்.

அண்ணனும் நீங்களும் எதிரெதிராக நின்று முடிவு செய்ய வேண்டிய விஷயமும் இல்லை இது. கையெழுத்துப் போட வேண்டியவர் அப்பா, சொறிந்துகொண்டு விழித்திருப்பவரும் அவர்தான். ‘வேண்டுமா’ என்று அவரையே கேளுங்கள், அண்ணனும் அந்த இடத்தில் இருக்கட்டும். அவர் சரி என்றால், நாள் குறிக்கும்போது அவர் இரத்தம் உறையாமலிருக்க ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா, முன்பு இரைப்பையில் அறுவை ஏதும் நடந்ததா என்பதைச் சொல்லிவிடுங்கள். குறித்த நாளுக்கு முன்பே காய்ச்சலோ நடுக்கமோ வந்தால், அந்த நாளுக்காகக் காத்திருக்காமல் உடனே அழைத்துப் போங்கள்.